பெரியவர் சொன்ன ‘படபட’

ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது பற்றியெல்லாம் நான் உங்களுக்கு எதுவும் எழுதப்போவதில்லை, பிள்ளைகளா. அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வார்டுக்குள் வந்திருக்கிறீர்கள். நான் எழுதப்போவது பேச்சைப் பற்றி. என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “பேச்சப் பத்தி இவளா எழுதுகா? கொள்ளாம்!” என்பார்கள். சிரிக்கட்டும்.

நான் களியக்காவிளைப் பக்கத்துக்காரி. பாதி மலையாளமும் பாதி தமிழுமாக ராகம் போட்டுப் பேசுகிற ஊர். அது போதாதென்று, எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கும் போட்டி வேறு இருந்தது. பைபிளில் வருகிற ஒரு சங்கீதத்தை யார் மூச்சு விடாமல் முதலில் சொல்லி முடிக்கிறாளோ அவளுக்குத்தான் பரிசு. பரிசு எப்போதும் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. எங்கள் வீட்டு அலமாரியில் அந்த டப்பாக்களை வைக்க இடமில்லாமல் அம்மா அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவாள். வசனத்தின் அர்த்தம் யாருக்குப் புரிந்தது என்று கேட்காதீர்கள். ஆண்டவருக்குப் புரிந்திருக்கும்.

அந்த வாயோடுதான் நர்சிங் படிக்கப் போனேன். அங்கே எங்களுக்கு ஒரு டியூட்டர் இருந்தார். சத்தம் போட்டுப் பேசியே பார்த்ததில்லை. இரவுப் பணியில் நடந்ததைக் காலையில் நான் எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தால், கையை லேசாக உயர்த்தி, “டோண்ட் கேபிள்” என்பார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது நான் சுவரோரமாக, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கரண்டு கேபிளைத் தொடாதே என்கிறார் என்று நினைத்துப் பதறி நாலடி தள்ளி நின்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேருக்கும் அது என்ன வார்த்தை என்று தெரியாது. விடுதிக்கு வந்ததும் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்: “ஏட்டி, எந்தக் கேபிள அவிய தொடாண்டாம்ன்னு சொன்னாவ?” அன்றைக்கு ஒட்டிய பெயர் படிப்பு முடியும்வரை போகவில்லை. என்னை எல்லாரும் ‘கேபிள்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

டியூட்டர் என்னை நூலகத்துக்கு அனுப்பி அகராதியைப் பார்க்கச் சொன்னார். ஜி-யில் தொடங்குகிற வார்த்தை. எதிராளிக்கு விளங்காதபடி மளமளவென்று பேசிக்கொண்டே போவது என்று போட்டிருந்தது. தமிழில் எழுதினால் அந்தக் கேபிளும் இந்தக் கேபிளும் ஒன்றாகிவிடுகின்றன. நமக்குக் ‘க’ ஒன்றுதான், ‘ப’ ஒன்றுதான். வாயில் வருகிற வித்தியாசம் எழுத்தில் வருவதில்லை. இதை இப்போது வேடிக்கையாகச் சொல்கிறேன். ஒருநாள் அது வேடிக்கையாக இருக்கவில்லை.

அந்த டியூட்டர் சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “நீ வேகமா பேசினா நோயாளி தலையாட்டுவாங்க. புரிஞ்சு ஆட்டுறாங்கன்னு நினைச்சிடாதே. பயத்தில ஆட்டுவாங்க, மரியாதைக்கு ஆட்டுவாங்க. தலையாட்டுறது பதில் இல்லை.” எத்தனையோ பாடம் படித்தேன், மறந்தேன். இது மட்டும் தங்கிவிட்டது. தங்கியிருந்தும் தேவையான நேரத்தில் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை என்பதுதான் நான் சொல்லவந்த கதை.

பணியின் கடைசி வருடங்களில் கன்னியாகுமரி போகிற சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். சுற்றுலா வருகிறவர்கள் வெயிலில் மயங்கினால், பாறையில் வழுக்கினால், சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்களிடம்தான் வருவார்கள். வங்காளி, மராட்டி, தெலுங்கு என்று எல்லா மொழியும் அந்த வாசலில் கேட்கும். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் நான் பொறுக்கிக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி இந்தி கொஞ்சம் இருந்தது. வலி, தண்ணீர், படு, எழும்பு, பயப்படாதே. இதற்குமேல் ஒன்றும் கிடையாது.

ஒருநாள் முற்பகலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குஜராத்திலிருந்து கோயில்களைப் பார்க்க வந்த வயதான கணவனும் மனைவியும். வட்டக்கோட்டையைப் பார்க்கப் போன இடத்தில் அந்த அம்மாளுக்கு என்னமோ ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் நம்ம ஊர்க்காரர், அவர்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் நடந்துதான் வந்தார். முகம் வியர்த்திருந்தது. வாய் ஓயவில்லை. பேச்சென்றால் பேச்சு, அப்படியொரு பேச்சு. கையை வீசி, புருவத்தை உயர்த்தி, கேள்வி கேட்பதுபோல நிறுத்தி, பிறகு கோபமாக மறுபடியும் தொடங்கி. எனக்கே பொறாமையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பி, “பேன், பேன்” என்றார். காற்று கேட்கிறார் என்று நான் ஓடிப்போய்ப் பேனைக் கூட்டிவைத்தேன். அவர் அப்போதும் “பேன்” என்றார். அதற்குமேல் கூட்ட அந்தப் பேனில் எண் இல்லை. சகோதரி என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசு, திண்டுக்கல் பக்கத்துப் பையன், நல்ல பிள்ளை. நான் சொல்வதை இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொள்வார். “சிஸ்டர், உங்க தமிழுக்கு எனக்கொரு மொழிபெயர்ப்பாளர் வேணும்” என்பார். அவர் பெரியவரிடம் கையால் சைகை காட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். பெரியவர் மனைவியைக் காட்டி, “படபட கரே சே, படபட” என்றார்.

படபட. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இந்தியாவெல்லாம் ஒரே வார்த்தை போலிருக்கிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். டாக்டர் தம் நெஞ்சில் கையை வைத்து, “படபட?” என்று கேட்டார். பெரியவர் ஆறுதலடைந்தவராகப் பலமாகத் தலையாட்டினார். “ஹா, ஹா, படபட!” நானும் “நெஞ்சு படபடப்பாம் சார், பாவம்” என்று விளக்கம் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம்.

நாடி பார்த்தேன், வேகமாகத்தான் இருந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல். சர்க்கரை சரியாக இருந்தது. இ.சி.ஜி. எடுத்தோம், பயப்படும்படி ஒன்றும் இல்லை. டாக்டர் கவனமில்லாதவர் இல்லை, மற்றதையும் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், அந்த அம்மாளும் பார்த்துத் தூக்கினார். பல்லைக் காட்டினார், அவரும் காட்டினார். முகம் கோணவில்லை, கால் இழுக்கவில்லை. நாக்கு குழறுகிற மாதிரியும் இல்லை. கடகடவென்று வார்த்தை வந்துகொண்டே இருந்தது. வெயில், அலைச்சல், பயம், அதனால் வந்த படபடப்பு என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அமைதிப்படுத்தும் ஊசி ஒன்றை எழுதினார். அப்படி ஒரு கேஸ் எங்களுக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். நான் மருந்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்து ஏதோ கேட்டார். கேள்விதான், ராகத்திலேயே தெரிந்தது. பெரியவர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டார். அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன், பிள்ளைகளா. வேற்று மொழிக்காரர் பேசும்போது நாம் எல்லாரும் வைத்துக்கொள்கிற முகம் அது. வாயைப் பார்த்து ஏதாவது பிடிபடுமா என்று தவிக்கிற முகம். எனக்கு அந்த முகம் இருந்தால் நியாயம். டாக்டருக்கு இருந்தாலும் நியாயம். கட்டிய கணவனுக்கு எதற்கு அந்த முகம்?

ஊசியைத் தட்டில் வைத்தேன்.

“என்ன சிஸ்டர்?” என்றார் டாக்டர்.

“சார், அவிய பேசுகது அவருக்கும் மனசிலாகல்ல.”

“யாருக்கு என்ன?”

நான் பதற்றத்தில் ஊர்த்தமிழில் விழுந்துவிட்டேன். நிதானமாக மறுபடியும் சொன்னேன். “அவங்க பேசுறது அவருக்கே புரியல சார். அந்தம்மா பேசுறது குஜராத்தியே இல்லைன்னு நினைக்கேன் சார். நமக்கு குஜராத்தி தெரியாது. அதனால எல்லாமே குஜராத்தியாத்தான் கேக்கும். அவர் மொகத்தப் பாருங்க.”

டாக்டர் பார்த்தார். பிறகு போனை எடுத்து, நாக்குக் குழறுகிறதா என்று ஆங்கிலத்தில் அடித்துக் குஜராத்தியில் பேசவைத்தார். பெரியவர் யோசித்துவிட்டு இல்லை என்று கையை ஆட்டினார். உண்மைதானே, குழறவில்லையே. மனைவி பேசுவது உங்களுக்குப் புரிகிறதா என்றே கேட்டிருக்கலாம், அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. டாக்டருக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. வெளியே இரண்டு கேஸ் காத்திருந்தது. “சிஸ்டர், பயத்தில இருக்காங்க. ஊசியைப் போட்டுட்டு ரெண்டு மணி நேரம் பார்க்கலாமே” என்றார்.

அந்த ஊசியைப் போட்டால் அந்த அம்மாள் தூங்கிவிடுவார். தூங்குகிறவரின் பேச்சு சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்க முடியும்? மூளையில் அடைப்பு என்றால் மருந்துக்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் தூக்கத்திலேயே போய்விடும். நான் நினைத்தது தப்பென்றால் ஒரு வயதானவருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு தள்ளிப்போகும், எனக்கு நாலு பேச்சு கிடைக்கும். அவ்வளவுதான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆனால் வாய்க்கு வரவேண்டிய வார்த்தைதான் வரவில்லை. குழறல் இல்லை. திக்கல் இல்லை. மளமளவென்று, விளங்காமல்... சட்டென்று டியூட்டரின் உயர்த்திய கை ஞாபகத்துக்கு வந்தது.

“சார், கேபிள்!” என்றேன்.

டாக்டர் திரும்பிக் கட்டிலில் கிடந்த இ.சி.ஜி. கேபிளைப் பார்த்தார். “அது கழட்டியாச்சே சிஸ்டர்.”

“அந்தக் கேபிள் இல்ல சார். ஜி. ஜி, ஏ, டபுள் பி, எல், ஈ. குஜராத்தில போட்டுப் பாருங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அடித்தார். திரையில் குஜராத்தி எழுத்து வந்தது. ஒலிப்பெருக்கிப் படத்தை அமுக்கினார். ஒரு பெண் குரல் சொன்னது: “படபட.”

பெரியவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். “ஹா! ஹா! படபட! படபட!” என்று கத்தியபடி போனைப் பிடுங்கி மறுபடியும் அதை அமுக்கினார். அது மறுபடியும் சொன்னது. அவர் போனைத் தம் மனைவியின் வாய்க்கு நேரே காட்டினார். நெஞ்சுக்கு நேரே இல்லை, வாய்க்கு நேரே. அவருடைய ‘ப’ நம் எழுத்தில் தனியாக இல்லாத, ‘கம்பம்’ என்பதில் வருகிற இன்னொரு ‘ப’; அவர் மொழியில் அந்தப் ‘படபட’வுக்கு விளங்காமல் உளறுவது என்று அர்த்தம். வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து அந்த மனிதர் சரியான நோயைச் சரியான வார்த்தையில் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் நெஞ்சில் கையை வைத்துக் கேட்டபோது, டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்ற நிம்மதியில் தலையாட்டியிருக்கிறார்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி, இது என்ன என்று கேட்கும்படி பெரியவரிடம் சைகை செய்தார். பெரியவர் கேட்டார். அந்த அம்மாள் பேனாவைப் பார்த்து நீளமாக, வெகு நம்பிக்கையோடு ஒரு பதில் சொன்னார். பெரியவர் எங்களைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் திண்டுக்கல் பிள்ளை ஒரு வினாடிகூட வீணாக்கவில்லை. வெளியே நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். “கோட்டைக்குள்ள போகும்போ நல்லாத்தான் சார் இருந்தாவ. எறங்கி வந்தவொடனே பிடிச்சு இந்தப் பேச்சுதான். நான் நேரா இஞ்ச கொண்டாந்துட்டேன்” என்றார் அவர். நேரம் இன்னும் கையில் இருந்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டு, எங்கள் ஆம்புலன்சில் என்னையும் ஏறச்சொன்னார். ஏறும்போது, “உங்க கேபிளுக்கு நன்றி சிஸ்டர்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டிக்குள் அந்த அம்மாளின் கோபம் கூடிக்கொண்டே போனது. இந்த மாதிரி நோயில் பேசுகிறவருக்குத் தன் பேச்சு பிசகிவிட்டது என்று தெரியாது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தான் சரியாகத்தான் பேசுகிறோம் என்றே நினைப்பு. அப்படியென்றால் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஊரில், இத்தனை காலம் கூட வாழ்ந்த மனிதனிடம் ஒன்றைக் கேட்கிறார், அவன் பதில் சொல்லாமல் அழுகிறான். மறுபடியும் கேட்கிறார், மறுபடியும் அழுகிறான். யாருக்குத்தான் கோபம் வராது? பெரியவரின் கையைத் தட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பேசி நிறுத்துகிற இடத்திலெல்லாம் “ம்” என்றேன். “ஓ, அப்படியா, செரி” என்றேன். களியக்காவிளைத் தமிழில்தான். அவர் என் பக்கம் திரும்பினார். சொல்லவேண்டியதையெல்லாம் என்னிடம் கொட்ட ஆரம்பித்தார். நான் பெரியவருக்கு ஜாடை காட்டினேன். நீங்களும் சொல்லுங்கள் என்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு “ஹா” என்றார். அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார், அவர் “ஹா” என்றார். நாகர்கோவில் போய்ச் சேரும்வரை அவர் “ஹா” சொல்ல, நான் “ஓ” சொல்ல, அந்த அம்மாள் பேசிக்கொண்டே வந்தார். நாடி கொஞ்சம் நிதானப்பட்டது.

ஸ்கேனில், பேச்சைப் பார்த்துக்கொள்கிற இடத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. மருந்து கொடுக்கலாம், நேரம் தாண்டவில்லை என்றார்கள். பேச்சு திரும்புமா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார்கள். பெரியவர் என் முகத்தையே பார்த்தார். என்ன சொல்ல? என் ஆஸ்பத்திரி இந்தியில் அந்த இடத்துக்குப் பொருந்துகிற ஒரே வார்த்தையைச் சொன்னேன். பயப்படாதே. சொல்லிவிட்டு நான் பயந்துகொண்டே திரும்பி வந்தேன்.

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. நான் நினைத்தது சரியாக இருந்தது என்ற பெருமை எதுவும் மனசில் இல்லை. உயிர் பிழைத்துவிடும், அது தெரியும். ஆனால் மிச்சமிருக்கிற காலம் பூராவும் ஒருவர் பேச, இன்னொருவர் புரியாமல் “ஹா” சொல்லிக்கொண்டிருப்பதா? அந்த “ஹா”வைக் கற்றுக்கொடுத்தவளும் நான்தானே. சபையில் அவர்களுக்காக ஜெபம் பண்ணச் சொன்னேன். பெயர் கேட்டார்கள். பெயர் சட்டென்று வாயில் வரவில்லை, வட்டக்கோட்டைக்குப் போன குஜராத்திக்காரம்மா என்றேன்.

விடுமுறை நாள் வந்ததும் ஒரு சீப்பு ஏத்தன்பழம் வாங்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டு வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. அவரைப் பேசாமல் நான் பார்த்ததே இல்லையே.

என்னைப் பார்த்ததும் பெரியவர் எழுந்து கைகூப்பினார். அவருக்கு அடையாளம் தெரிந்தது, அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். நாலு வார்த்தைதான். ஒவ்வொன்றையும் தேடித் தேடி எடுத்தார். ஒரு வார்த்தை கிடைக்காமல் மெத்தையைக் கையால் தட்டினார், தட்டித் தட்டி அதையும் பிடித்துவிட்டார்.

நான் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டவில்லை. “ஹா” சொல்லவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வெடுக்கென்று ஏதோ பதில் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம் தம் ஒரு காலைத் தூக்கிச் செருப்பைத் தொட்டுக்காட்டினார். மனைவியின் வெறுங்காலைக் காட்டினார். வட்டக்கோட்டை இருக்கிற திசையோ என்னவோ, ஜன்னல் பக்கம் கையை வீசினார். அன்றைக்கு இருந்த அவசரத்தில் அந்த அம்மாளின் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் அதைத்தான் கேட்கிறார்.

அந்த அம்மாள் விடவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை தேடி எடுத்து எறிந்தார். பெரியவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, உன்னைப் பார்ப்பேனா செருப்பைப் பார்ப்பேனா என்பதுபோலச் சத்தம் போட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் அந்த அம்மாள் குறுக்கே பாய்ந்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஜாடையை வைத்து நானாக எடுத்துக்கொண்டதுதான். பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, சண்டை முடியட்டும் என்று நின்றேன். ரொம்ப நேரம் முடியவில்லை. நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.